முப்பது பள்ளிகளின் பட்டியல்: கலைக் கல்விக் கூட்டமைப்பினருக்கு ஒரு திறந்த மடல்

கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற மாதம் வட்டாரக் கல்வி அலுவலகம் வழியாக எங்கள் பள்ளிக்கு வந்த உங்கள் சுற்றறிக்கையையும், அதனுடன் இணைத்திருந்த முப்பது பள்ளிகளின் பட்டியலையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இதுவரை தனித்தனியாகக் கலைப் பயிற்சி அளித்துவந்த ஐந்து தொண்டு நிறுவனங்களும் இனி ஒரே கூட்டமைப்பாகச் செயல்படப் போகின்றன என்ற முதல் வரியைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். இதைத்தான் பல ஆண்டுகளாக உங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுவந்தேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டியதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

பட்டியலில் உள்ள முப்பது பள்ளிகளில் இருபத்தாறு, உங்களில் யாரேனும் ஒருவர் ஏற்கெனவே பணியாற்றிவரும் பள்ளிகள். மீதி நான்கும் நெடுஞ்சாலையை ஒட்டியவை. ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டுமே பேருந்து வரும் எங்கள் வட்டாரத்து உட்கிராமப் பள்ளிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. திங்கள்கிழமை ஒரு நிறுவனம், புதன்கிழமை இன்னொரு நிறுவனம் என்று நாட்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்களே தவிர, பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டதற்கான அடையாளம் எங்கும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பீடு, தனி ஆண்டு விழா. ஒன்பது பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவில் பள்ளியில் கலை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் இல்லை, மேடையேறும் கலைஞர் ஒருவரும் இல்லை. திட்டத்தின் காலம் ஓர் ஆண்டு. இந்த முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை.

நான் செய்யாறு பகுதியில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்காக மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட 16,549 பேரில் ஒருவன். வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் பணி. அந்த ஊதியம் இடையில் சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரத்துக்காக நாங்கள் வைத்த கோரிக்கை எத்தனை போராட்டங்களுக்குப் பின்னும் கோரிக்கையாகவே தொடர்ந்தது. அது அரசிடம் பேச வேண்டிய செய்தி, இங்கே அதை வளர்த்தப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் படித்தால்தான் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. நூறைத் தொடாத உட்கிராமப் பள்ளிக் குழந்தைக்குச் சட்டத்தின் அந்தக் கதவும் திறப்பதில்லை. ஓவிய ஆசிரியரே இல்லாத அந்தப் பள்ளிகளுக்குத்தான் நீங்கள் முதலில் போயிருக்க வேண்டும்.

2023-24ஆம் கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு உங்களில் மூன்று நிறுவனங்கள் வந்தன. ஆகஸ்டில் வந்தவர்கள் காகிதத் தட்டில் முகமூடி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அக்டோபரில் நாட்டார் கலை அறிமுகம் என்ற பெயரில் வந்தவர்களும் காகிதத் தட்டு முகமூடியே செய்யவைத்தார்கள். ஜனவரியில் உணர்வுகளைக் கலைவழி வெளிப்படுத்தும் பயிற்சி என்று வந்த மூன்றாமவர் பையைத் திறந்தபோது உள்ளே அதே தட்டுகள் இருந்தன. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைப் பார்த்து, "சார், இந்த வாட்டியும் முகமூடியா?" என்றாள். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை, ஏதோ தான்தான் சரியாகச் செய்யவில்லை போலும் என்ற தயக்கத்தோடு கேட்டாள். அந்தக் குழந்தை மூன்றாவது முகமூடியில் சிவந்த முகம் தீட்டி, மேல்நோக்கி முறுக்கிய மீசை வைத்து, கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவளுடைய மாமன் பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர். விடியவிடிய நடக்கும் கூத்துக்கு அவர் அரிதாரம் பூசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை அது. பயிற்சியாளரோ அன்றைய பாடம் மகிழ்ச்சியான முகம் என்பதால் அதை மாற்றி வரையச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். அந்த ஊரில் கூத்து இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குள் பேச்சிருந்தால், பள்ளியோடு உங்களுக்குப் பேச்சிருந்தால், ஆகஸ்டில் தொடங்கிய முகமூடி அக்டோபரில் வேடமாகி, ஜனவரியில் அரை மணி நேரக் கூத்தாக வளர்ந்திருக்கும்.

அதே ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளிக்கு ஒருவர்கூடப் போகவில்லை. அங்கே படிக்கும் குழந்தைகள் பெரும்பாலோர் கோரைப் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளைகள். கோடும் கட்டமும் நிற அடுக்கும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கின்றன. ஒரு வடிவமைப்புப் பாடத்துக்கு இதைவிட வளமான இடம் கிடைக்குமா?

உங்கள் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, எங்கள் ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வணிக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு ஒப்புதல் வந்து முதல் தவணை உங்கள் கணக்கில் ஏறும்போது ஜூலையோ ஆகஸ்டோ ஆகிவிடுகிறது. அதன்பின் பயிற்சியாளரைத் தேடுகிறீர்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஐந்து பேரும் ஐந்து முறை அனுமதி வாங்குகிறீர்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடுகிறது, பிறகு தீபாவளியும் மழையும், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் பொங்கல். பிப்ரவரியில் பயிற்சியாளர் பாடம் நடத்துவதைவிட அறிக்கைக்கான படங்கள் எடுப்பதில்தான் கவனமாக இருக்கிறார், பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழை மார்ச்சில் கொடுத்தாக வேண்டுமே. நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். 2016 முதல் எங்கள் பள்ளிக்கு வந்த வெளிப் பயிற்சியாளர்கள் எட்டுப் பேர். அவர்களில் மறு ஆண்டும் திரும்பி வந்தவர் ஒருவர் மட்டுமே. பின்னால் சொல்லப்போகும் ஒரே ஒரு கூட்டு முயற்சியை நீக்கிப் பார்த்தால், ஓர் ஆண்டில் ஒரே பயிற்சியாளர் எடுத்த வகுப்புகள் அதிக அளவாகப் பதினொன்று. பதினொரு வகுப்பில் மத்தளத்தைச் சரியாக மடியில் வைத்துக்கொள்ளத்தான் ஒரு குழந்தை பழகும்.

நிதி கொடுப்பவர்கள் ஓராண்டுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் வணிக நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளைப் பட்டியலிடும் அதன் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, கலை பண்பாட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட விதிகள், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர் திட்டங்களுக்கு இடம் கொடுக்கின்றன. ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து போய் மூன்றாண்டுத் திட்டமாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்று கேட்டால் அதற்கு எடை இருக்கும். தனித்தனியாகப் போய், ஒருவர் மறுத்தால் அடுத்தவர் ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளக் காத்திருக்கும்வரை எந்த நிறுவனமும் உங்களுக்கு மூன்றாண்டு தரப்போவதில்லை.

வெளிநாட்டு நிதி பற்றியும் சொல்கிறீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பங்களிப்பை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனம் நிதி பெற்றுச் சிறிய நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்த பழைய கூட்டு முறை அதனால் நின்றுபோனது. அந்த இடரைக் குறைத்துப் பேச மாட்டேன், நம் மாவட்டத்திலேயே இரண்டு சிறிய குழுக்கள் அதனால் பணியை நிறுத்தியதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தச் சட்டம் பணத்தை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. எந்தப் பள்ளியில் யார் என்ன கற்பிக்கிறோம் என்ற விவரத்தைப் பகிர்வதையும், ஒரே கால அட்டவணை போடுவதையும், ஒருவர் தயாரித்த பாடக் கையேட்டை மற்றவர் பயன்படுத்துவதையும் எந்தச் சட்டம் தடுக்கிறது?

கூட்டாக நிற்காததால் வந்த மிகப் பெரிய இழப்பை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளியில் பறை கற்பித்தது. வந்த இளைஞர் நல்ல கலைஞர், நல்ல ஆசிரியரும்கூட. மைதானத்தின் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது குழந்தைகள் சுற்றி நின்று, ஒலி எப்போது ஏறுகிறது என்று காதை வைத்துக் கேட்பார்கள். அடிக்குச்சியையும் சுண்டுகுச்சியையும் எந்த விரல் தாங்க வேண்டும் என்று அவர் ஒவ்வொரு குழந்தையின் கையையும் பிடித்துக் காட்டினார். நான்காவது வாரம் பெற்றோர் சிலர் தலைமையாசிரியர் அறைக்கு வந்து, "எங்க பிள்ளைங்க கையில இதைக் கொடுக்காதீங்க" என்றார்கள். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலேயே எல்லாருக்கும் விளங்கியது. தலைமையாசிரியர் தயங்கினார். அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று அந்த நிறுவனம் அஞ்சியது. ஐந்தாவது வாரம் பறை வரவில்லை, வண்ணக் காகிதங்கள் வந்தன.

அப்போது எங்கள் பள்ளியில் பணியாற்றிய மற்ற இரண்டு நிறுவனங்களிடமும் நான் போய், மூவரும் கையெழுத்திட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பெற்றோரை அழைத்துப் பேசுவோம் என்று கேட்டேன். அது அவர்களுடைய திட்டம், நாங்கள் தலையிட முடியாது என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பறையடிக்கும் வீட்டிலிருந்து வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், அந்த நான்கு வாரமும் மற்றக் குழந்தைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவன், அதன்பின் கலை வகுப்புக்கு வரவே இல்லை. அவனிடம் என்ன சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. அது என் தவறும்தான். மூன்று நிறுவனங்கள் ஒன்றாக நின்றிருந்தால் ஒரு தலைமையாசிரியரின் தயக்கத்துக்கு ஊன்றுகோல் கிடைத்திருக்கும். கூட்டமைப்பு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் முதல் பொருள் இதுதான்.

கலைஞர்களை நீங்கள் நடத்தும் முறையிலும் மாற்றம் வேண்டும். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை போன்ற ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது, அவ்வூர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பெயரைக் கூத்தறிந்த உலகம் அறியும். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் மண்ணில், கூத்து வாத்தியார் ஒருவரை உங்களில் ஒருவர் ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், கூத்துக்கு முகவீணை என்ற சிறு குழல் வாசிப்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்தார். பேசிய தொகை இருவருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய். நிரந்தரக் கணக்கு எண் (பான்) அட்டை இல்லை, ஆங்கிலத்தில் உள்ள பற்றுச்சீட்டில் கையெழுத்து சரியில்லை என்று நான்கு மாதம் அலையவிட்டு அந்தத் தொகை அவருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது பள்ளிக்குக் கூப்பிட்டால், "வேணாம் தம்பி, பிள்ளைங்க எங்க வீட்டுக்கு வரட்டும், நான் சொல்லித் தர்றேன்" என்கிறார். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு நாள் நிகழ்ச்சியின் படம் அட்டையில் இருக்கிறது.

சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதையும் ஒரே ஒரு முறை பார்த்தேன். பொம்மலாட்டப் பயிற்சியாளர் ஒருவரை ஒரு நிறுவனம் அனுப்பியது. துணி, மரத்தூள், பசை, போக்குவரத்து ஆகியவற்றை இன்னொரு நிறுவனம் ஏற்றது. பணம் கை மாறவில்லை, இருவரும் அவரவர் கணக்கில் அவரவர் செலவை எழுதிக்கொண்டார்கள். ஐந்து மாதம் வாரந்தோறும் வகுப்பு நடந்தது. வாய் திறக்காத ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு நரிப் பொம்மைக்கு இருபது நிமிடம் குரல் கொடுத்தான். அந்த ஆண்டு அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவுக்கு நாங்கள் இரண்டு வார அவசரப் பயிற்சி இல்லாமல் போனோம். அடுத்த ஜூனில் இரண்டு நிறுவனங்களிலும் ஒருங்கிணைப்பாளர்கள் மாறியிருந்தார்கள். முந்தைய ஆண்டின் ஏற்பாடு எங்கும் எழுதி வைக்கப்படாததால் அது அப்படியே மறைந்தது.

1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நம் ஊர்களுக்கு வந்தபோது நான் சிறுவன். மாவட்ட ஆட்சியர் தலைமையில் அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் ஊர் இளைஞர்களும் ஒரே திட்டத்துக்குள் நின்றார்கள். வீதி நாடகமும் பாட்டும் அந்த இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்தன. அந்த இயக்கத்தின்போது புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது இன்றும் பேசப்படுகிறது. எந்த ஊருக்கு எந்தக் குழு, எந்த வாரம், யார் பொறுப்பு என்று எழுதி வைத்து வேலை செய்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் கைப்பேசியும் இல்லை, கணினியும் இல்லை. இவ்வளவு வசதிகள் உள்ள உங்களால் ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் கலை வரைபடத்தை ஏன் போட முடியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மண்டலக் கலை பண்பாட்டு மையம், மாவட்ட அரசு இசைப்பள்ளி, சவகர் சிறுவர் மன்றம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் ஆகியவை கலைக்காகவும் கலைஞர்களுக்காகவும் பொதுப் பணத்தில் நடப்பவை. இவற்றில் ஒன்றின் பெயர்கூட உங்கள் சுற்றறிக்கையில் இல்லை. வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலும் அதில் ஆடும் சிவனின் சிற்பமும் இருக்கின்றன. எங்கள் குழந்தைகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. ஐந்து நிறுவனங்களில் ஒருவர் வேன் அமர்த்தி, ஒருவர் வரைதாள் தந்தால் ஒரு நாளில் முடியும் வேலை.

ஆகவே உங்களிடம் இவற்றைக் கேட்கிறேன்.

இந்தப் பட்டியலை நிறுத்திவையுங்கள். ஏப்ரல் மாதத்துக்குள் வட்டாரம் வட்டாரமாக, எந்தப் பள்ளியில் கலை ஆசிரியர் இருக்கிறார், எந்த ஊரில் எந்தக் கலைஞர் இருக்கிறார், யார் ஏற்கெனவே பணியாற்றுகிறீர்கள் என்ற வரைபடத்தைத் தயாரித்து வட்டாரக் கல்வி அலுவலகங்களில் ஒட்டுங்கள். அதன்பின், இதுவரை யாரும் போகாத பள்ளிகளிலிருந்து புதிய பட்டியலைத் தொடங்குங்கள். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும், மூன்றாண்டு இருக்க வேண்டும், குழந்தைகள் ஒரு கலையையாவது தொடர்ந்து கற்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பள்ளிக்கு வந்தால் பொறுப்பு நிறுவனத்தின் கால அட்டவணைக்குள் வர வேண்டும். நிதி தரும் நிறுவனங்களிடம் ஐவரும் ஒரே கோரிக்கையோடு சேர்ந்து செல்லுங்கள்.

வழிகாட்டுக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கலை ஆசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் கொடுங்கள். கூட்டங்களைச் சென்னையில் நடத்தாமல் செய்யாற்றிலோ வந்தவாசியிலோ சனிக்கிழமைகளில் நடத்துங்கள், பயணப்படி கொடுங்கள், தீர்மானங்களைத் தமிழில் எழுதுங்கள். கலைஞர்களுக்கு ஐந்து நிறுவனங்களும் ஒரே மதிப்பூதியத்தை நிர்ணயித்து, வகுப்பு முடிந்த பதினைந்து நாட்களுக்குள் செலுத்துங்கள். ஆவணங்களைத் தயாரித்துத் தரும் வேலையை உங்கள் கணக்கர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், அதற்காக அறுபது வயதுக்காரரை அலையவிடாதீர்கள்.

பறை உள்ளிட்ட எந்தக் கலைக்கு எதிர்ப்பு வந்தாலும், அதை யார் கற்பித்தாலும், ஐந்து நிறுவனங்களும் ஒன்றாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வந்து பேசுவோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

குழந்தைகளிடம் ஆண்டுக்கு ஐந்து மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பச் சொல்லாமல் ஒன்றோடு நிறுத்துங்கள். அவர்கள் வரைந்ததை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். பள்ளிக்குள் அனுப்பும் ஒவ்வொரு பயிற்சியாளரின் பின்னணியையும் ஒரே நடைமுறையில் சரிபார்த்து, அந்த விவரத்தைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நாளையும் இடத்தையும் எங்கள் வட்டாரத்துக் கலை ஆசிரியர்களுக்குத் தெரிவித்து, இந்த மடலை அதில் படிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் வருகிறேன். என் குறிப்பேட்டையும், அந்த மாணவி என்னிடம் கொடுத்துவைத்திருக்கும் மூன்று முகமூடிகளையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
செய்யாறு வட்டாரம், திருவண்ணாமலை மாவட்டம்.